எத்தாளையில் ஓதல் நின்றபோது

ஒரு சிறுமியின் தலையில் ஒயர் ஒட்டுவதற்காக நான் இலங்கையில் எத்தாளை என்ற ஊருக்குப் போனேன். மதுரையில் ஒரு மருத்துவமனையில் வேலை. மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. பிரிவில் தொழில்நுட்பர். வலிப்புக்கு அறுவை செய்யலாமா என்று முடிவெடுக்கும் முன்னும், செய்த பின்னும் நோயாளிகள் எங்கள் அறைக்குத்தான் வருவார்கள். கொழும்பில் ஒரு பயிற்சிக்கு என்னை அனுப்பியபோது எங்கள் மருத்துவர், "அப்படியே கற்பிட்டிப் பக்கம் போய் நுஹாவையும் பார்த்துவிட்டு வந்துவிடு" என்றார். வரைபடத்தில் மட்டும் ஊரைப் பார்த்தவர்கள் சொல்லும் "அப்படியே" அது.

நுஹாவுக்கு ஐந்து வயதில் எங்களிடம் அறுவை நடந்தது. இப்போது எட்டு. மூளையின் இடப் பாதி கருவிலேயே சரியாக உருவாகாமல் போனவள். நாள் முழுதும் அங்கிருந்து வலிப்பு கிளம்பிக்கொண்டிருந்தது. அந்தப் பாதியை மறுபாதியிலிருந்து துண்டித்துவிட்டார்கள். அன்றிலிருந்து வலிப்பு இல்லை. மாத்திரையைக் குறைக்கலாமா என்று பார்க்க இப்போது ஒரு பதிவு வேண்டும்.

அதே ஊரில் எங்கள் நோயாளி இன்னொருவரும் இருந்தார். நுஹாவுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் எல்லோரும் அவரை ஹஸ்ரத் என்று அழைப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். தன் மாணவி எழுந்து நடந்து ஓத வந்ததைப் பார்த்துவிட்டு, போன ஆண்டு அவரும் மதுரைக்கு வந்தார். எல்லாச் சோதனையும் முடிந்து, முடிவை அவரிடமே விட்டிருந்தோம். பதில் வரவில்லை. அதைக் கேட்டு வரச் சொல்லி யாரும் என்னை அனுப்பவில்லை.

புத்தளத்திலிருந்து கற்பிட்டிப் பக்கம் போகும் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் இருக்கை கிடைத்தது. மடியில் பதிவுக் கருவிப் பெட்டி, காலடியில் யாருடையதோ ஒரு கருவாட்டுக் கூடை. நான் தூத்துக்குடிக்காரி, கருவாட்டு வாசனை புதிதல்ல. ஆனால் எங்கள் ஊரில் அதைப் பஸ்ஸின் பின்பக்கம் ஏற்றுவார்கள், இங்கே அதற்கும் பயணிகள் நடுவே இடம். பாலாவியைத் தாண்டியதும் உப்பளங்கள். வரப்பு, குவியல், மேலே மூடிய ஓலை எல்லாம் எங்கள் ஊர் போலவே. வீட்டைவிட்டு வந்தேனா என்று ஒரு நிமிடம் குழம்பினேன்.

கொஞ்ச தூரம் போனதும் பஸ் நின்றுவிட்டது. நடுச்சாலையில் ஒரு கழுதை படுத்திருந்தது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அது காதை மட்டும் அசைத்தது. நடத்துநர் இறங்கிப்போய்ச் சிங்களத்தில் அதனுடன் நீண்ட நேரம் பேசினார். பஸ் முழுக்கச் சிரித்தது. பக்கத்திலிருந்த பெண் எனக்காக மொழிபெயர்த்தார். "எலக்சன் முடிஞ்சிட்டு, இனி உன்னக் கும்புட்டு எழுப்ப ஏலா, நீயா எழும்புங்கிறான்." கழுதை எழவில்லை. பஸ்தான் மணலில் இறங்கிச் சுற்றிப்போனது.

எத்தாளையில் இறங்கி வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே நுஹாவின் உம்மா ஃபஸீனா நின்றார். கணவர் கத்தாரில் வண்டி ஓட்டுகிறார். வீட்டுக்குப் பின்னால் வெங்காயப் பாத்தி, அதைத் தாண்டிக் காற்றாலைகள். பாணும் பருப்பும் மாசிக் கருவாட்டுச் சம்பலும் வைத்தார். பாண் என்பது பேக்கரி ரொட்டிதான், எங்கள் வீட்டில் அது காய்ச்சல்காரருக்கான உணவு. இங்கே அந்தச் சம்பலோடு சாப்பிட்டபோது இத்தனை நாள் காய்ச்சலை வீணடித்துவிட்டோம் என்று தோன்றியது.

அறையிலிருந்து நுஹா வந்தாள். வலது காலைச் சற்று வெளிப்பக்கமாக வீசி நடந்தாள். தலை பளபளவென்று மின்னியது. பதிவுக்கு முதல் விதி, தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. ஒயர் ஒட்டாது. தொலைபேசியில் இரண்டு முறை சொல்லியிருந்தேன்.

"நீங்க செல்லினதுதான் மிஸ். காலைல சவுக்காரம் போட்டு நல்லாக் கழுவி உட்டேன்" என்றார் ஃபஸீனா.

"பிறகு ஏன் எண்ணெய்?"

"இந்தியாவில இருந்து ஆள் வரக்கொள்ள பரட்டத் தலையோட உடுறதா? ஊரு என்ன செல்லும்?"

மறுபடி கழுவிக் காயவைத்து, அளந்து ஒட்டி முடித்தபோது பகல் உணவு நேரம் தாண்டியிருந்தது. பதிவின் நடுவே நோயாளி வேகமாக மூச்சு வாங்க வேண்டும். பெரியவர்களிடம் "ஆழமாக மூச்சு விடுங்கள்" என்பேன், விடுவார்கள். பிள்ளைகள் கையில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து, நிற்காமல் சுற்றவைக்கச் சொல்வேன். நுஹா ஊதினாள். நடுவில் நிறுத்தி ஜன்னலைக் காட்டினாள். வெளியே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"அதுகளுக்கு ஆரு ஊதுற?"

"நீதான். நிறுத்தினால் நின்றுவிடும்."

"பொய்யி" என்றாள். ஆனால் ஊதினாள்.

பதிவு நன்றாகவே இருந்தது. வாசித்துச் சொல்ல வேண்டியது மருத்துவர் என்பதால் நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஃபஸீனாவுக்கு அது போதுமாக இருந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு வைத்தார். நுஹா இடது கையால் சாப்பிட்டாள். வலது கை மடியில் சுருண்டு கிடந்தது. அறுவைக்குப் பிறகு நடை திரும்பும், பேச்சு திரும்பும், விரல்களின் நுட்பம் மட்டும் திரும்புவதில்லை.

"இடக் கையால தின்னுறாள் எண்டு மாமி ஏசாத நாளில்ல மிஸ்" என்றார் ஃபஸீனா. "ஹஸ்ரத்துதான் வந்து செல்லினார். தந்த கையத்தான் அல்லா கேப்பான், தராத கையக் கேக்க மாட்டான் எண்டு. அதோட மாமி வாய மூடிட்டா."

நுஹா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்ட கைய நீங்களா எடுத்த?"

"இல்லை, நான் ஒயர் மட்டும்தான் ஒட்டினேன்."

"என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல."

"அஞ்சு வயசுப் புள்ளட்ட என்னத்தக் கேக்குற?" என்று உம்மா சிரித்தார். சிரித்தபடியே எழுந்துபோய் அடுப்பில் எதையோ கிண்டினார். அடுப்பு அணைந்திருந்தது.

குழந்தைகளின் வலிப்பு அறுவைக்கும் பெரியவர்களின் அறுவைக்கும் என்ன வித்தியாசம் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். மூளை அளவு, மயக்க மருந்து, எலும்பு என்று ஒரு வரிசை வைத்திருந்தேன். அன்று அந்த அணைந்த அடுப்பைப் பார்த்தபோது என் வரிசையில் ஒன்று விட்டுப்போனது தெரிந்தது. குழந்தையின் மூளை எவ்வளவோ பொறுத்துக்கொள்ளும். பேச்சு குடியிருக்க வேண்டிய பக்கம் போய்விட்டால், அது மறுபக்கத்தில் போய்க் குடியேறிக்கொள்ளும். அதனால் பெரிதாக வெட்ட முடியும், சீக்கிரம் வெட்டவும் வேண்டும். வலிப்போடு போகும் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டிய ஆண்டு. ஆனால் அந்தப் பிள்ளையை யாரும் கேட்பதில்லை. கேட்கவும் முடியாது.

பெரியவரிடம் எல்லாவற்றையும் கேட்கிறோம். அவர் மூளைதான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஹஸ்ரத்தின் கதை அதுதான். அவர் மன்னாரில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு, உள்நாட்டுப் போரில் முஸ்லிம்கள் அனைவரையும் அங்கிருந்து வெளியேற்றியபோது, வாப்பாவும் உம்மாவும் இரண்டு வயதுப் பிள்ளையாக அவரைப் படகில் கொண்டுவந்தார்கள். அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில் இருந்த முதல் மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, விடியும்வரை வலிப்பு நிற்கவில்லையாம். பிறகு சுகமாகி, எல்லோரும் மறந்துபோனார்கள். ஐந்து வயதில் வேறு விதமாக ஆரம்பித்தது. விழுவதில்லை, நுரை தள்ளுவதில்லை. செய்துகொண்டிருப்பது அப்படியே நிற்கும். எச்சில் விழுங்குவார், விரல் சட்டைப் பொத்தானைத் தேடும். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அவருக்கு ஒன்றும் தெரியாது. இடப்பக்க நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, அந்தக் காய்ச்சல் விட்டுப்போன தழும்பு.

பத்து வயதில் அவர் குர்ஆனை மனனம் செய்ய ஆரம்பித்தார். முழுவதையும் நெஞ்சில் ஏற்றி ஹாபிழ் ஆனார். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் தினமும் தொழுகை நடத்தி, மாதம் முடிவதற்குள் முழுக் குர்ஆனையும் பார்க்காமல் ஓதி முடிப்பவர் அவர்தான். ஓதல் தடுமாறினால் எடுத்துக்கொடுக்க நேர் பின்னால் இன்னொரு ஹாபிழ் நிற்பார். தொழுகை நடத்துபவரின் முதுகைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், முகத்தை அல்ல. ஹஸ்ரத் நடுவில் நின்றுபோனபோது, வசனத்தின் பாரம் தாங்காமல் அழுகிறார் என்று ஊர் நினைத்தது. பின்வரிசையில் நின்றவர்களும் அழுதார்களாம். பல ஆண்டுகள் அப்படிப் போன பிறகுதான் அது நோய் என்று தெரிந்தது. அதை மதுரையில் அவரே எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, "என்ட நோயால கொஞ்சப் பேருக்கு நன்ம கெடச்சிரிக்கும்" என்றார்.

அவர் மதுரையில் செய்த நினைவாற்றல் சோதனையை என்னால் மறக்க முடியாது. உளவியலாளர் சொற்களை வரிசையாக வாசித்தார். ஹஸ்ரத் ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னார். அரை மணி நேரம் கழித்துக் கேட்டபோதும் சொன்னார். "பின்னால இருந்து செல்லட்டா?" என்று கேட்டார். கண்ணாடிக்குப் பின்னால் நின்ற நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர் மோசமாகச் செய்திருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தழும்புள்ள பகுதி வேலை செய்யவில்லை, எடுத்தால் இழப்பு அதிகமில்லை என்று அர்த்தம். அவர் நன்றாகச் செய்தார். அந்தப் பகுதிதான் அவரைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தது. எடுத்தால் வலிப்பு நிற்க நல்ல வாய்ப்பு. ஆனால் சொற்களைப் பிடித்துவைக்கும் சக்தி குறையலாம். நெடுநாள் ஓதிப் பதிந்தது பெரும்பாலும் நிற்கும் என்றார் மருத்துவர். பெரும்பாலும் என்ற சொல்லை ஹஸ்ரத் இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

ஃபஸீனா வீட்டில் இரவு தங்கி, மறுநாள் காலை கற்பிட்டி வரை போய்க் கோட்டையின் வெளிச்சுவரைப் பார்த்தேன். வெயில் தாங்காமல் ஒரு கடையில் பிளேன்டி என்கிற பாலில்லாத தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, பள்ளிவாசலை ஒட்டி பிள்ளைகள் ஓதும் மத்ரஸாவுக்கு ஃபஸீனா அழைத்துப் போனார். ஹஸ்ரத் வாசலுக்கே வந்தார்.

"வாங்க மிஸ். என்ட மண்டையில பசை தடவின ஆள் வந்திட்டாங்க புள்ளயள், எல்லாரும் தொப்பியப் புடிச்சிக்கங்க!"

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு நாற்காலி போட்டு, தானே ஒரு பிளாஸ்டிக் தட்டில் தொதல் என்ற அல்வா கொண்டுவந்து வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நல்ல நேரம் வந்தீங்க. டொக்டருக்கு ஒரு பதில் செல்லோணும். வேணாம் எண்டு செல்லுங்க. கோவிக்க வேணாம். புது மாத்திரைக்குப் பொறகு எனக்கு வலிப்பு வாறல்ல. ஹஜ்ஜுப் பெருநாளோட நிண்டிட்டு. ஊட்டுலயும் ஒண்டும் காணல்ல எண்டுதான் செல்றாங்க. இனி எதுக்கு மண்டயத் தொறக்குற? நோன்பும் வருது."

அவர் முகம் இளைஞனுடையதுபோல் இருந்தது. நான் மகிழ்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கத்தியில்லாமல் முடிந்த ஒருவர் கதை என்று மருத்துவரிடம் சொல்லப்போவதை மனதில் வார்த்தையாக அடுக்கவே தொடங்கிவிட்டேன்.

அவர் பிள்ளைகள் முன்னால் போய் உட்கார்ந்தார். அன்றைய பாடத்தை அவர் ஓத, பிள்ளைகள் விரல் வைத்துத் தொடர்ந்தார்கள். நுஹா இடது கை விரலை வைத்திருந்தாள். எனக்கு அரபி தெரியாது. ஆனால் அந்தக் குரல் ஏறி இறங்கும் ஒழுங்கு ஒரு நல்ல பதிவுபோல இருந்தது, அலை அலையாக.

அலை நின்றது.

ஹஸ்ரத்தின் கண் சுவரில் எங்கோ இருந்தது. தொண்டை ஏறி இறங்கியது. விரல் பொத்தானைத் தேடியது. நான் எழுவதற்குள், யாரும் சொல்லாமலே பிள்ளைகள் அத்தனை பேரும் குனிந்து, அவரவர் பாடத்தைச் சத்தமாக ஓதத் தொடங்கினார்கள். அறை நிறைந்தது. அந்த இரைச்சலில் ஒருவர் நின்றுபோனது யாருக்கும் தெரியாது. நுஹா மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண் திரும்பியதும் ஒரு சொல்லை எடுத்துக்கொடுத்தாள். அவர் அதிலிருந்து ஓதினார். பிள்ளைகள் ஒரே நேரத்தில் அடங்கினார்கள். எத்தனை முறை செய்திருந்தால் இத்தனை சுத்தமாக வரும் என்று எனக்குத் தெரியும்.

"ஆர் பழக்கின?" என்று பக்கத்திலிருந்த ஃபஸீனாவிடம் அவர் ஊர்ப் பேச்சிலேயே கேட்டுவிட்டேன்.

"ஆரும் பழக்கல்ல மிஸ். இவங்களுக்கு முந்தி ஓதின புள்ளயளும் இப்படித்தான். ஹஸ்ரத் வெக்கப்படக் கூடாதே." ஃபஸீனா தலை குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "இன்னும் வருது எண்டு ஊருக்கே தெரியும். அவருக்குத்தான் தெரியாது."

பாடம் முடியும்வரை நான் காத்திருந்தேன். பதிவின் முடிவை நோயாளியிடம் சொல்வது என் வேலை இல்லை, ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் இது பதிவு இல்லை, நான் கண்ணால் கண்டது. அதை மறைத்துவிட்டு அவருடைய "வேணாம்" என்ற சொல்லை மதுரைக்குக் கொண்டுபோக என்னால் முடியவில்லை. மரியாதைக்காக ஓர் ஊரே அவரிடமிருந்து மறைத்ததை, வெளியூர்க்காரி ஒருத்தி உடைக்கப்போகிறாள் என்பதும் தெரிந்தது. இன்றுவரை அது எனக்கு இனிப்பாக இல்லை.

"ஹஸ்ரத், கொஞ்சம் முந்தி உங்களுக்கு ஒன்று வந்தது" என்றேன்.

அவர் சிரித்தார். "எப்ப?"

"ஓதும்போது. நுஹா சொல் எடுத்துக்கொடுத்தாளே, அதற்கு முன்."

"அது நான் மூச்செடுத்த." என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார். "ஆராவது கண்டீங்களா?"

ஒரு தலையும் நிமிரவில்லை. ஓத வந்த பிள்ளை ஹஸ்ரத்தின் ஓதலைத் திருத்தலாம், ஹஸ்ரத்தைக் குறை சொல்லலாமா?

"நுஹா?"

"நேத்தும் வந்திச்சி ஹஸ்ரத்" என்றாள் நுஹா. "முந்தாநாள் ரெண்டு தரம்."

"ஏன் புள்ள செல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே."

அவர் கோபப்படவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொன்னார். ஓசையில்லாமல் போனார்கள். செருப்பு மாட்டும் சத்தம்கூட வரவில்லை.

"அப்ப எனக்குப் பின்னால நிண்ட ஆக்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு" என்றார். "நோன்புல எத்தின ஆயத்த, எத்தின வசனத்த வாய்க்குள்ளயே உட்டேனோ. எடுத்துக்குடுத்தவரு மௌத்தாகிட்டாரு, அவரட்டயும் இனிக் கேக்க ஏலா."

தொதல் தட்டை நகர்த்தி வைத்தேன்.

"ஒண்டு கேக்கிறேன், ஒளிக்காமச் செல்லுங்க மிஸ். நுஹாட வயசுல நான் வந்திருந்தா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்த வயதில் எடுத்திருந்தால் மற்றப் பக்கம் பழகிக்கொண்டிருக்க அதிக வாய்ப்பு, நினைவு திரும்பி வந்திருக்கக் கூடும். உறுதியாகச் சொல்ல முடியாது. இப்போது அவர் மூளையில் ஒவ்வொன்றுக்கும் இடம் அமைந்துவிட்டது, எடுத்தால் அந்த இடம் காலியாகவே இருக்கும்.

வெளியே கடற்கரைப் பக்கம் வாகனம் ஒன்று மீன் ஏற்றிக்கொண்டு போனது.

"அந்த வயசுல இழக்க என்னட்ட ஒண்டும் இருக்கல்ல" என்றார். "கொட்டில் ஓலைதான். இழக்க ஒண்டும் இல்லாதவனுக்கு வெட்டிரிக்கலாம். இப்ப நெறஞ்சி போன ஆளு." பிறகு எழுந்து என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். "நான் செல்லின பதிலக் கொண்டு போகாதீங்க. வேற பதில் வரும்."

அடுத்த நாள் காலைப் பஸ்ஸில் எனக்கு இருக்கை கிடைக்கவில்லை. நின்றபடியே வந்தேன். கழுதை அதே இடத்தில் படுத்திருந்தது. இந்த முறை யாரும் அதனுடன் பேசவில்லை. ஃபஸீனா கட்டிக்கொடுத்த இடியப்பம் பாலாவிக்கு முன்பே காலியாகிவிட்டது. துக்கத்தில் பசிக்காது என்பவர்கள் அவர் சொதியைச் சாப்பிட்டதில்லை.

மதுரைக்கு வந்து மருத்துவரிடம் கண்டதைச் சொன்னேன். நுஹாவின் மாத்திரையைக் குறைக்கத் தொடங்கினார்கள். ஹஸ்ரத்தின் பதில் ஃபஸீனாவின் தொலைபேசி வழியாக வந்தது. இந்த நோன்பில் அவர் தொழுகை நடத்தப்போவதில்லை. வேறொருவர் பின்னால், வரிசையில் நிற்பார். பெருநாள் கழிந்து அறுவைக்காக மதுரைக்கு வருவார். அதற்குள் மனதில் உள்ளது முழுவதையும் பிள்ளைகள் முன்னால் ஓதி, தொலைபேசியில் பதிந்து வைக்கப்போகிறார். மறந்துபோனால் திரும்பக் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம் என்பது அவர் ஏற்பாடு. கேட்டுக் கேட்டுப் பதியவைக்கும் சக்தியைத்தான் கத்தி தொடப்போகிறது என்பது அவருக்குத் தெரியும். நான் மீண்டும் சொல்லவில்லை.

அந்தப் பதிவுகளில் ஒன்றை ஃபஸீனா எனக்கு அனுப்பினார். அலை அலையாக அந்தக் குரல் வருகிறது. ஓரிடத்தில் நிற்கிறது. நான் பிள்ளைகளின் இரைச்சலுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. மின்விசிறி சுற்றுகிறது, தூரத்தில் ஒரு காகம், அறை முழுக்கப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் இருப்பது கேட்கிறது. வலிப்பின் நேரத்தைக் குறிக்கும் பழக்கத்தில் என் கண் கடிகாரத்துக்குப் போய்த் திரும்பியது.

பிறகு நுஹாவின் குரல்.

"ஹஸ்ரத், வந்திச்சி."

"சரி புள்ள" என்கிறார் அவர். தொண்டையைச் செருமுகிறார். "எதுல உட்டேன்?"

அவள் அந்தச் சொல்லைச் சொல்கிறாள்.